காலையில் வனாந்தரம், மாலையில் சமுத்திரம்

‘வனாந்தரம்’ என்னும் சொல்லை ஞாயிறு பள்ளிப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாம்பும் தேளும் உள்ள வறண்ட வழி, நீரில்லாத நிலம், நாற்பது ஆண்டு அலைச்சல் என்றே அது நம் மனதில் பதிந்திருக்கிறது. ‘சிவந்த சமுத்திரம்’ என்றவுடன் இரு பக்கமும் மதிலாய் நின்ற தண்ணீர் நினைவுக்கு வருகிறது. இவ்விரண்டையும் ஒரே நாளில் காண முடியும் என்றோ, ஒன்று மற்றொன்றைக் காத்துவருகிறது என்றோ நான் எண்ணியதே இல்லை. எகிப்து நாட்டின் சீனாய்த் தீபகற்பத்தில் கழிந்த ஒரு பகற்பொழுது அதை எனக்குக் கற்றுத்தந்தது.

2019 நவம்பரில் மும்பையிலிருந்து பதினொரு பேர் கொண்ட குழுவாகப் புறப்பட்டோம். கெய்ரோவைப் பார்த்துவிட்டு, சூயஸ் கால்வாயின் அடியில் செல்லும் சுரங்கப்பாதை வழியாகச் சீனாய்க்குள் நுழைந்தோம். மோசேயின் மலை என்று மக்கள் அழைக்கும் 2,285 மீட்டர் உயரமான ஜெபல் மூசாவில் இரவோடு இரவாக ஏறிச் சூரிய உதயத்தைக் கண்டோம். மலையடிவாரத்தில், ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கட்டுவித்த புனித கேத்தரின் மடத்தையும் பார்த்தோம். பின்பு அகாபா வளைகுடாக் கரையிலுள்ள தஹாப் என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தோம். அரபு மொழியில் ‘தஹாப்’ என்றால் பொன்.

பயணத் திட்டத்தில் ஒரு நாள் மிச்சமிருந்தது. எங்கள் குழுவை நடத்திய மூப்பர், “காலையில் வனாந்தரம், மாலையில் கடல் என்று ஒரு சுற்றுலா இருக்கிறதாம். வர விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்” என்றார். மலையேறிய களைப்பில் இருந்தபோதிலும் பதினொருவரும் பெயர் கொடுத்துவிட்டோம்.

ஊற்றுக்கண்ணைத் தேடி

அதிகாலை ஐந்தரை மணிக்கு இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. ஓட்டுநரும் வழிகாட்டியும் முஸைனா என்னும் பெதூயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். தஹாப், நுவெய்பா பகுதிகளில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பாலைநில மக்கள் இவர்கள். எங்கள் வழிகாட்டிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தலையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தார். கொஞ்சம் ஆங்கிலம் பேசினார். மிகுதியைக் கைகளால் பேசினார்.

வழியில் இராணுவச் சோதனைச் சாவடிகளில் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியிருந்தது. அதன்பின் சாலையின் இருமருங்கிலும் மலைகள்தாம். ஒரு புல்லும் இல்லாத மலைகள். கறுப்பு, செம்மை, சாம்பல் எனக் கல்லின் நிறம் மட்டுமே மாறிக்கொண்டிருந்தது. ஆங்காங்கே, குடை விரித்தாற்போல் ஒற்றை மரங்கள் நின்றன. அவை வேலமரத்தின் இனத்தைச் சேர்ந்தவை. உடன்படிக்கைப் பெட்டியைச் செய்வதற்குப் பயன்பட்டதாக வேதாகமம் கூறும் சீத்திம் மரம் இந்த இனமே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். பொன்தகட்டால் மூடப்பட்ட பெட்டியைப் படத்தில் பார்த்த எனக்கு, அதன் உள்ளே இருந்தது நம் ஊர்க் கருவேலத்தின் உறவு என்பது வியப்பாக இருந்தது. வறட்சியிலே வளைந்து வளர்ந்த மரம் அல்லவா அது!

ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஜீப் சாலையை விட்டு மணலில் இறங்கியது. சற்றுத் தொலைவில் ஒரு பெரும்பாறை தனித்து நின்றது. ‘ஹஜர் மக்தூப்’, அதாவது எழுதப்பட்ட கல் என்று வழிகாட்டி சொன்னார். நபாத்தேய வணிகர்களும் கிரேக்க மொழி பேசிய பயணிகளும் கீறிவைத்த எழுத்துகள், ஒட்டக உருவங்கள், சிலுவை அடையாளங்கள் என அந்தப் பாறை முழுவதும் நிறைந்திருந்தது. மலைக்குச் சென்ற பழங்கால யாத்திரிகர்கள் இந்த நிழலில் இளைப்பாறிச் சென்றிருக்கிறார்கள். நாங்களும் சிறிது நேரம் அங்கே அமர்ந்தோம். ஒருவரும் எதையும் கீறவில்லை.

அங்கிருந்து சிறிது தூரம் சென்று விளிம்பில் நின்று பார்த்தபோது, வெண்மையும் செம்மையுமான பாறைகளின் நடுவே, மிக ஆழத்தில், ஒரு கைப்பிடி பச்சை தெரிந்தது. பேரீச்ச மரங்கள்! அதுதான் ஐன் குத்ரா. ‘குத்ரா’ என்பது பச்சையைக் குறிக்கும். ‘ஐன்’ என்னும் அரபுச் சொல்லுக்குக் கண் என்றும் ஊற்று என்றும் இரண்டு பொருள் உண்டாம். அதைக் கேட்டதும் எனக்குப் புன்னகை வந்தது. நாமும் ‘ஊற்றுக்கண்’ என்றுதானே சொல்கிறோம்? மண்ணுக்குள்ளிருந்து நீர் எட்டிப் பார்ப்பதைக் கண் திறப்பதாகவே இரண்டு மொழிகளும் கண்டிருக்கின்றன.

மிரியாம் மோசேக்கு விரோதமாய்ப் பேசி, குஷ்டரோகம் பிடித்து, ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே இருந்த ஆஸரோத் இந்த இடமாக இருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இதை உறுதியாகச் சொல்வதற்கில்லை. சீனாய் மலையே எது என்பதில் பல கருத்துகள் உண்டு. ஆயினும் ஒன்று தெளிவாகப் புரிந்தது. ஒருத்திக்காக ஒரு பெருங்கூட்டம் ஏழு நாள் பயணத்தை நிறுத்திவைக்க வேண்டுமானால், அருகில் நீர் இருந்தால்தான் முடியும்.

வெள்ளைப் பள்ளத்தாக்கு

ஊற்றை அடைய நாங்கள் சென்ற வழி வெள்ளைப் பள்ளத்தாக்கு எனப்படும் பாறையிடுக்கு. தொடக்கத்தில் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும். எங்களுள் அறுபதைக் கடந்த இரு சகோதரிகள் இருந்தார்கள். வழிகாட்டி கீழே நின்று, ஒவ்வொருவருடைய பாதத்தையும் எந்தக் கல்லில் வைக்க வேண்டுமென்று தம் கையால் தொட்டுக் காட்டி இறக்கினார்.

உள்ளே சென்றபின் உலகமே மாறிவிட்டது. இருபுறமும் வெண்பாறைச் சுவர்கள். சில இடங்களில் இரு கைகளையும் விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். மேலே ஒரு நாடா அளவு நீலவானம். சுவர்கள் குயவன் தடவிவிட்ட மண்பாண்டம்போல வழவழப்பாக வளைந்திருந்தன. “இதைச் செதுக்கியது எது? காற்றா?” என்று கேட்டேன். வழிகாட்டி தலையசைத்து, என் தலைக்கு மேலே காட்டினார். எட்டாத உயரத்தில், ஒரு வெடிப்பில் காய்ந்த சுள்ளிகள் செருகிக் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து வைத்தது வெள்ளம்!

இங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை மிகச் சொற்பம். பல ஆண்டுகள் பெய்யாமலும் இருக்கும். ஆனால் எங்கோ ஒரு மலையில் ஒருமணி நேரம் கொட்டினால் போதும், அதை உறிஞ்ச மண்ணும் வேரும் இல்லாததால், முழு நீரும் ஒரே மூச்சில் இந்த இடுக்குகளில் பாய்ந்துவிடும். ‘சைல்’ என்று பெதூயின்கள் அதை அழைக்கிறார்கள். மேகம் கறுத்தால் எவரையும் உள்ளே அழைத்துவர மாட்டார்களாம். வறண்ட நிலத்தைச் செதுக்கிய கை தண்ணீரின் கையே என்பதை அன்று கண்டேன்.

முக்கால் மணி நேர நடைக்குப்பின் இடுக்கு விரிந்து பேரீச்சந்தோப்பு வந்தது. ஒரு குடும்பத்தினர் தரையில் கம்பளம் விரித்து எங்களை அமர்த்தினார்கள். பாலையில் விளையும் நறுமண இலை இட்ட தேநீர், சிறு கண்ணாடிக் குவளைகளில் வந்தது. பின்பு ஒருவர் கோதுமை மாவைப் பிசைந்து தட்டி, தணலை விலக்கி மணலில் இட்டு, மேலே தணலை மூடினார். சற்று நேரத்தில் எடுத்துச் சாம்பலைத் தட்டிவிட்டுப் பிட்டுத் தந்தார். ஓரேபுக்கு நடந்த எலியா தலைமாட்டில் கண்ட அடையும் தழலில் சுட்டதுதானே என்று மூப்பர் நினைவூட்டினார். அந்த அடையை அதன்பின் எவரும் பேசிக்கொண்டு உண்ணவில்லை.

நான் மட்டும் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே உள்ளது. செம்மணல் குன்றுகளும் பனைகளும் நிறைந்த நிலம். “ஒன்றுக்கும் உதவாத மண்ணு” என்று சொல்லிச் சொல்லியே என் தகப்பனார் எங்களைப் பம்பாய்க்கு ரயிலேற்றிவிட்டார். முப்பத்தெட்டு ஆண்டுகளாக நானும் என் பிள்ளைகளிடம் அதையே சொல்லிவந்தேன். அதைவிடப் பன்மடங்கு வறண்ட இந்த மண்ணில் ஒரு குடும்பம் அமர்ந்து, வந்தவர்களுக்கு அப்பம் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

வறட்சி காக்கும் கடல்

பகல் ஒரு மணிக்குத் தஹாப் திரும்பினோம். இறங்கிவரும் வழியில் வழிகாட்டி ஜீப்பை நிறுத்தி, மலைகளுக்கிடையே இருந்து அகன்று கடலை நோக்கி விரியும் கல்லும் மணலுமான பரப்பைக் காட்டினார். தஹாப் ஊரே அப்படியொரு காட்டாறு கொண்டுவந்து குவித்த விசிறிபோன்ற மண்ணின்மேல்தான் அமைந்திருக்கிறது.

“இந்த ஆறு கடலைத் தொடும் இடத்தில் பவளம் இல்லை. மற்ற இடமெல்லாம் பவளம்” என்றார். அன்றைய நாளின் இரண்டு பாதிகளையும் இணைத்த சொல் அதுவே.

பவளம் கல்லன்று, செடியுமன்று, அது உயிரினம். கடுகளவான எண்ணற்ற சிற்றுயிர்கள் தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பால் கூடு கட்டி, அக்கூடுகளின்மேல் கூடுகளாய் வளர்ந்து எழுவதே பவளப்பாறை. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அப்பாசிகள் சூரிய ஒளியைக்கொண்டு உணவு தயாரித்துத் தங்கும் வீட்டுக்கு வாடகைபோல் கொடுக்கின்றன. ஆகவே பவளத்துக்கு ஒளி வேண்டும். ஒளி நுழையத் தெளிந்த நீர் வேண்டும். ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டினால் அது மூச்சுத்திணறி மாண்டுபோகும்.

செங்கடலில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கலப்பதில்லை. கரையெங்கும் பாலைவனம். சேறு இல்லை, வண்டல் இல்லை, வயல்களிலிருந்து வழியும் உரமும் இல்லை. சுற்றியுள்ள நிலம் கொடுக்க ஒன்றுமில்லாதிருப்பதே இக்கடல் கண்ணாடியாய் இருப்பதற்குப் பெருங்காரணம். எப்போதோ வரும் வெள்ளம் கடலில் சேரும் வாயில்களில் மட்டும் பவளச்சுவரில் இடைவெளி விழுந்து சிறு குடாக்கள் உண்டாகியுள்ளன. அத்தகைய குடாவைத்தான் ‘ஷார்ம்’ என்கிறார்கள். ஷார்ம் எல் ஷேக் என்னும் புகழ்பெற்ற ஊரின் பெயரில் இருப்பதும் அச்சொல்லே.

இந்த அகாபா வளைகுடா ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளமும், அகலமான இடத்தில் 24 கிலோமீட்டர் அகலமும் உடையது. ஆனால் ஆழமோ 1,850 மீட்டர் வரை செல்கிறது. சவக்கடல் முதல் இதுவரை நீளும் நிலப்பிளவின் ஒரு பகுதி இது. எதிர்க்கரையில் சவூதி அரேபியாவின் மலைகள் இளஞ்சிவப்பாய்த் தெரிந்தன. மோசே ஆடு மேய்த்த மீதியான் தேசம் அப்பக்கமே இருந்ததாகக் கருதப்படுகிறது. வளைகுடாவின் வடகோடியில்தான் சாலொமோன் கப்பல்களைச் செய்வித்த எசியோன்கேபேர் இருந்தது.

நீருக்குள் முதல் மூச்சு

தஹாபிலே மிகப் பெயர்பெற்ற இடம் ஊருக்கு வடக்கே உள்ள ‘நீலத் துளை’. கரையோரத்திலேயே நூறு மீட்டருக்கும் அதிகமாக ஆழ்ந்து செல்லும் கிணறு போன்ற பள்ளம் அது. அதன் 55 மீட்டர் ஆழத்தில் வெளிக்கடலுக்குச் செல்லும் ஒரு வளைவு இருக்கிறது. காற்றுக்கலன்களுடன் அதைக் கடக்க முயன்ற பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அவர்களுடைய நினைவுக் கற்கள் கரைப்பாறையில் பதிக்கப்பட்டுள்ளன. முந்தின நாள் மாலையில் அவற்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். மேற்பரப்பில் மிதப்போருக்கு அங்கேயும் பெரிய ஆபத்தில்லை என்றாலும், நீந்தத் தெரியாத எங்களுக்கு ஊருக்குத் தெற்கேயுள்ள ‘மூன்று குளங்கள்’ என்னும் இடமே தகும் என்று வழிகாட்டி தீர்மானித்தார். பவளமேடையின் நடுவே இயற்கையாக அமைந்த மூன்று பள்ளங்கள் அவை.

நாங்கள் செய்யவிருந்தது ஆழத்தில் மூழ்குவதன்று. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடியை அணிந்து, வாயில் ஒரு மூச்சுக்குழலைக் கவ்விக்கொண்டு, நீரின்மேல் குப்புற மிதந்து கீழே பார்ப்பது. ஸ்நார்க்கலிங் என்கிறார்கள். இந்தக் கடலில் உப்பு அதிகம். லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம். மற்றப் பெருங்கடல்களில் 35 அளவிலேயே இருக்கும். ஆதலால் உடல் எளிதாக மிதக்கும்.

சகோதரிகளுக்கு உடை ஒரு பெருங்கேள்வியாக இருந்தது. சேலை நீரில் காலைச் சுற்றிக்கொள்ளும், ஆபத்து. ஆனால் எகிப்தியப் பெண்கள் அணியும், தலை முதல் கணுக்கால் வரை மறைக்கும் நீச்சலுடை அங்குள்ள கடைகளில் கிடைத்தது. என் மனைவியும் மற்றவர்களும் அதையே வாங்கிக்கொண்டார்கள்.

கரையில் ஒரு குறை தெரியவந்தது. பதினொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டென்று சொல்லிப் பணம் பெற்றிருந்த சுற்றுலா முகவர் ஆறு மட்டுமே அனுப்பியிருந்தார். நம் மூப்பர் சினந்துகொள்ளாமல், “முதலில் ஆறு பேர், பிறகு ஐந்து பேர்” என்று சொல்லிவிட்டார். ஜாக்கெட் இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். நான் இரண்டாம் அணியில் இருந்தேன். அதற்குள் வடகாற்று எழும்பி, நீர்ப்பரப்பு சிற்றலைகளாய்க் கலையத் தொடங்கிவிட்டது.

என் முறை வந்தது. கண்ணாடியினுள் எச்சில் தடவிக் கழுவினால் பனிமூட்டம் படியாது என்று வழிகாட்டி செய்து காட்டினார். என் மீசையைப் பார்த்துச் சிரித்தார். மீசை இருந்தால் கண்ணாடி முகத்தோடு ஒட்டாமல் நீர் கசியுமாம். முப்பதாண்டு மீசையை அன்றைக்கு எங்கே எடுப்பது? அப்படியே இறங்கினேன்.

முகத்தை நீரில் வைத்த முதல் நொடியில் மூச்சு நின்றுவிட்டது. வாயால் மூச்சுவிட வேண்டுமென்பதை உடல் நம்ப மறுத்தது. மூன்றாவது முறை, என் மூச்சின் ஓசையே என் காதில் சீராகக் கேட்டது. கண்ணைத் திறந்தேன்.

காலை முழுவதும் ஒரு பசும்புல்லைத் தேடியலைந்த கண்கள் அவை. இப்போது அவற்றின் முன்னே ஊதா, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு! மனித மூளையின் மடிப்புகள் போன்ற பவளங்கள், மான்கொம்பு போலக் கிளைத்த பவளங்கள், மேசைபோல் விரிந்தவை. இடையிடையே ஆரஞ்சு நிறச் சிறுமீன்கள் தீப்பொறிகள் போலத் திரண்டன, சிதறின. கடல்சாமந்தியின் விரல்களுக்குள் கோமாளி மீன் ஒன்று புகுந்து புகுந்து வெளிவந்தது. நீலப்பச்சைக் கிளிமீன் ஒன்று பவளத்தைக் ‘கறுக் கறுக்’ என்று கடித்தது நீருக்குள் தெளிவாகக் கேட்டது. அது கடித்துத் தின்று வெளியேற்றுவதே மணலாகிறதாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனினங்களும் இருநூறுக்கும் மேற்பட்ட கல்பவள இனங்களும் செங்கடலில் வாழ்கின்றன. தலையை உயர்த்தினால் பத்து மீட்டர் தூரத்தில் மொட்டைப் பாலைவனம். தாழ்த்தினால் ஏதேன் தோட்டம். நடுவில் ஒரு கண்ணாடித் தகடு மட்டுமே இருந்தது.

முதல் அணியில் போய்வந்த என் மனைவி கரையிலிருந்தே கூவினாள்: “அத்தான், அந்த உருண்டைக் கல்லைப் பாத்தீங்களா? நம்ம தாத்தா வீட்டுச் சுவருல்ல அது!”

உடைந்த கிளை

அவள் என் தாய்மாமன் மகள். கடலோரத்தில் இருந்த எங்கள் தாத்தா வீட்டில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள். அந்த வீட்டுச் சுவர்கள் கடற்கல்லால் ஆனவை. தூத்துக்குடி, இராமநாதபுரம் கடற்கரைகளில் ஒருகாலத்தில் பவளக்கல்லை வெட்டியெடுத்து வீடு கட்டினார்கள். சூளையில் சுட்டுச் சுண்ணாம்பும் எடுத்தார்கள். சிறுவனாயிருந்தபோது அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் சுரசுரவென்று உறுத்தும். அதில் நட்சத்திர வடிவத்தில் ஆயிரமாயிரம் குழிகள் இருக்கும். ஊசியால் ஒவ்வொன்றிலிருந்தும் தூசியை நோண்டியெடுப்பது எங்கள் விளையாட்டு.

குனிந்து பார்த்தேன். எனக்குக் கீழே இருந்த உருண்டைப் பவளத்தில் அதே நட்சத்திரங்கள். ஆனால் ஒவ்வொன்றும் நிறத்தோடும் ஈரத்தோடும் உயிரோடும் இருந்தது. அவை குழிகள் அல்ல, வாய்கள்! ஐம்பத்தாறு வயதுவரை பவளத்தின் பிணத்தையே வீடென்று அறிந்திருந்த நான், அன்றுதான் அதை உயிருடன் கண்டேன்.

அந்த வியப்பில் வாயைத் திறந்துவிட்டேன் போலும். உப்புநீர் உள்ளே போயிற்று. மீசையின் வழியே கண்ணாடிக்குள்ளும் நீர் ஏறியது. காற்று என்னைப் பள்ளத்திலிருந்து பவளமேடையின் பக்கம் தள்ளியிருந்ததை நான் கவனிக்கவில்லை. லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கிறேன், அமிழமாட்டேன் என்பதெல்லாம் அந்நொடியில் மறந்துபோயிற்று. கால் தரையைத் தேடியது. கிடைத்ததை ஊன்றி மிதித்தேன்.

நீருக்குள் ஒரு சிறு முறிவோசை. கண்ணாடிக் குவளை உடைவது போன்ற ஓசை.

வழிகாட்டி விரைந்து வந்து என்னைத் தோளோடு பற்றி மல்லாத்தினார். கண்ணாடியைக் கழற்றி நீரை வடித்தார். நான் இருமி முடிக்கும்வரை காத்திருந்தார். பின்பு ஒரு வார்த்தையும் பேசாமல் மூழ்கினார். எழுந்தபோது அவர் கையில், விரல்நீளக் கிளைகள் மூன்று கொண்ட ஒரு பவளத்துண்டு இருந்தது. உடைந்த முனை எலும்புபோல் வெளுத்திருந்தது. அதை நீருக்கு வெளியே எடுக்கவில்லை. மீண்டும் மூழ்கி, அலை அசைக்காத ஒரு பாறைப்பொந்தில் நிமிர்த்திச் செருகிவிட்டு வந்தார்.

“பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம்” என்றார். “பயந்தால் படுத்துக்கொள்ளுங்கள். நிற்காதீர்கள்.”

அவர் என்னைக் கடிந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். கிளைப்பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளரும். எங்கள் சுவரில் இருந்தது போன்ற திரண்ட பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஓராள் உயரப் பாறை நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது. மற்றக் கடல்களில் வெப்பம் ஏறப் பவளங்கள் வெளுத்து மாண்டுவரும் இந்நாளில், செங்கடலின் வடபகுதிப் பவளங்கள் வெப்பத்தை அதிகம் தாங்குகின்றன என்று ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். எஞ்சியிருக்கக்கூடிய ஒரு விதைக்களஞ்சியமாக இதை அவர்கள் மதிக்கிறார்கள். வெப்பத்தைத் தாங்கும் அந்த உயிர், பயந்துபோன ஒரு மனிதனின் பாதத்தைத் தாங்கவில்லை.

அதன்பின் இருபது நிமிடம் மல்லாந்தும் குப்புறவும் மிதந்தேன். ஒருமுறைகூடக் காலை ஊன்றவில்லை.

செல்வோர் கவனத்திற்கு

இப்படிப்பட்ட பயணம் மேற்கொள்ளும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். தஹாபில் பகல் ஏற ஏறக் காற்று வலுக்கும். முடிந்தால் கடலைக் காலையிலும் வனாந்தரத்தைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்குமுன் கண்ணாடி, மூச்சுக்குழல், லைஃப் ஜாக்கெட் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். வனாந்தரத்துக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் நீர், தொப்பி, பிடிப்புள்ள காலணி தேவை. தோலில் பூசும் வெயில் களிம்புகள் சிலவற்றிலுள்ள வேதிப்பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு செய்யும். முழுக்கைச் சட்டையே சிறந்த களிம்பு. பவளம் கீறிய புண் எளிதில் ஆறாது. உடனே நல்ல நீரால் கழுவ வேண்டும். என் முழங்காலுக்குக் கீழே விழுந்த கீறல் ஆற மூன்று வாரமாயிற்று. ஒரு பவளத்துண்டையும் நினைவுப்பொருளாக எடுக்காதீர்கள். அது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். காற்றுக்கலனுடன் ஆழத்தில் மூழ்கியவர்கள் உடனே உயரமான மலைக்குச் செல்லலாகாது என்பதையும் மறவாதீர்கள். மலையை முதலில் முடித்துவிடுவது நல்லது.

சுவரில் இருந்த நட்சத்திரங்கள்

ஊர் திரும்பியபின் மன்னார் வளைகுடாவைப் பற்றித் தேடி வாசித்தேன். 1986-இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டதும், 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டதும் தெரிந்தது. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளத்தை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எங்கள் தாத்தா அறிந்து தவறு செய்தவர் அல்லர். கல்லென்று எண்ணி வீடு கட்டினார். நானும் அறியாமல்தான் மிதித்தேன். ஆனால் இப்போது அறிவேன்.

அடுத்து ஊருக்குச் சென்றபோது பேரப்பிள்ளைகள் இருவரையும் அழைத்துப் போனேன். “அங்கே ஒன்றும் இல்லையே தாத்தா” என்றார்கள். நான் இத்தனை காலம் சொல்லிக்கொடுத்த பாடம்தானே! தேரிக்காட்டின் செம்மணலில் அவர்களை நடக்கவைத்தேன். பிறகு ஆளற்றுக் கிடந்த அந்தப் பழைய வீட்டின் பின்சுவருக்குக் கூட்டிச் சென்றேன். சுண்ணாம்பு உதிர்ந்து கல் வெளியே தெரிந்தது. என் மனைவி ஒரு செம்பு நீரைக் கொண்டுவந்து சுவரில் ஊற்றினாள். தூசி வழிந்தோட, நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாய்த் தெளிந்தன.

“இது ஒவ்வொண்ணும் ஒரு வாயி” என்று அவள் பிள்ளைகளுக்குச் சொன்னாள். சின்னவன் தன் சுண்டுவிரலை ஒரு குழியின்மேல் மெதுவாக வைத்துப் பார்த்தான், அழுத்தவில்லை.